லாயர் தேவையில்லை என்று எழுதினேன்

அந்த அம்மா கைப்பையிலிருந்து எடுத்து என் மேஜையில் வைத்தது ஒரு பேப்பர் துண்டு. ஞாயிற்றுக்கிழமை பேப்பரிலிருந்து கத்தரித்து, நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டது. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்துபோயிருந்தது. மேலே என் பெயர், தபால்தலை அளவில் என் போட்டோ. "இதை எழுதினது நீங்கதானே?" என்று கேட்டார். நான்தான். எழுதி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கத்தரித்து வைத்தது அவர் இல்லை, அவருடைய கணவர். அவர் இறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. பீரோவைத் திறந்து பார்த்தபோது வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்), இன்சூரன்ஸ் பாலிசி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், இவற்றோடு ஒரே பையில் இதுவும் இருந்ததாம்.

தொழிலை வளர்க்கப் பத்திரிகையில் எழுதலாமா, புத்தகம் போடலாமா என்று யாராவது என்னிடம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிளாஸ்டிக் உறைதான் ஞாபகம் வருகிறது. போன வாரம்கூட பட்டர்வொர்த்தில் பிசியோதெரபி நடத்தும் ஒரு தங்கை கேட்டாள். போனில் அரை மணி நேரம் பேசியும் எனக்குத் திருப்தி வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் ஆபிஸ் பினாங்கு ஜார்ஜ்டவுனில் பிஷப் தெருவில் இருக்கிறது. லைட் தெருவில் இருக்கும் உயர் நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். வீடு நிலம் வாங்கி விற்பது, உயில், இறந்தவர் சொத்தை வாரிசுகளுக்கு மாற்றுவது, இவைதான் என் வேலை. கோர்ட்டில் வாதாடும் லாயருக்காவது பேப்பரில் பெயர் வரும். எங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் கிடையாது. விளம்பரம் செய்யலாமே என்றால், மலேசியாவில் வழக்கறிஞர்கள் தங்களைப் பற்றி எப்படி விளம்பரம் செய்யலாம் என்பதற்கு 2001-ஆம் ஆண்டின் விதிமுறைகள் இருக்கின்றன, மற்ற கடைக்காரர்களைப்போல நினைத்தபடி பேனர் கட்டிவிட முடியாது. 2016-இல் வாடகை ஏறியது, வேலை ஏறவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்புக்கு வாரம் ஒரு சட்டக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். சம்பளம் கிடையாது. சரி என்றேன். ஆள் வரவேண்டும் என்பதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

முதல் எட்டு மாதம் ஒருவரும் வரவில்லை.

அந்தக் கட்டுரைகளை இப்போது எடுத்துப் படித்தால் காரணம் தெளிவாகத் தெரிகிறது. உயில் எழுதுவது முக்கியம் என்று எழுதியிருக்கிறேன். எழுதாவிட்டால் குடும்பத்தில் சண்டை வரும் என்று எழுதியிருக்கிறேன். கடைசி வரியில் தவறாமல் "மேலும் விவரங்களுக்குத் தகுந்த வழக்கறிஞரை அணுகவும்". பந்தியில் ஆளை உட்கார வைத்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அதோடு எழுப்பி அனுப்பியதைப்போல இருக்கிறது. சோறு ஆபிஸுக்கு வந்தால்தான் என்கிறேன். படிக்கிறவருக்கு அது புரியாதா? ஐந்து நிமிஷம் ஒதுக்கிப் படித்த மனிதர், பேப்பரை மடிக்கும்போது கையில் ஒன்றும் இல்லாமல் எழுந்து போயிருக்கிறார்.

மாற்றம் ஒரு கட்டுரையில் வந்தது. பெரிய யோசனை செய்து எழுதியதில்லை. அந்த வாரம் பிறையிலிருந்து வந்த ஒரு பெண், "அவர் போயிட்டார், வீடு எனக்குத்தானே?" என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன பதிலைக் கேட்டு அழுதுவிட்டார். அந்தப் பதிலை அப்படியே எழுதினேன். 1958-ஆம் ஆண்டின் பகிர்மானச் சட்டப்படி, உயில் எழுதாமல் கணவர் இறந்து, மனைவி, பிள்ளைகள், கணவரின் அப்பா அம்மா எல்லாரும் உயிரோடு இருந்தால், மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு எல்லாருமாகச் சேர்த்துப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. எல்லாமே மனைவிக்கு என்று நம் வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அப்படி இல்லை. இது தவறு சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, மகனைப் பறிகொடுத்த தாய்க்குக் கால் பங்கு என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் நமக்கு வேறு மாதிரி வேண்டுமென்றால் உயிரோடு இருக்கும்போதே உயில் எழுத வேண்டும். 300,000 வெள்ளி (ரிங்கிட்) வீட்டை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். லாயரை அணுகவும் என்ற வரி அந்த வாரம் இடம் போதாமல் விட்டுப்போனது.

திங்கட்கிழமை காலையில் ஆபிஸ் திறக்கும் முன்பே போன் அடித்ததாக எங்கள் ஆபிஸ் குமாஸ்தா, கிராணி அக்கா சொன்னார்.

அதற்குப் பிறகு பதிலை மிச்சம் வைக்காமல் எழுதினேன். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். உயில்படி சொத்தைப் பெறப்போகிறவரையோ, அவருடைய கணவன் மனைவியையோ சாட்சியாகப் போட்டால் உயில் நிற்கும், ஆனால் அவருக்கு எழுதிவைத்தது போய்விடும். அப்பா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட மகனே சாட்சிக் கையெழுத்தும் போட்டு, அதனாலேயே தன் பங்கை இழப்பது எவ்வளவு கொடுமை. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய உயில் கல்யாணம் ஆனதும் பொதுவாகச் செல்லாமல் போய்விடும். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டில் உட்கார்ந்து தானே உயில் எழுதிக்கொள்ளலாம். சிலர் எழுதியும் கொண்டார்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு, சரியா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் வந்தவர்களும் இருக்கிறார்கள்.

இனிமேல்தான் அந்தப் பேப்பர் துண்டுக் கட்டுரை. 2017-இல் எழுதியது. ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, அவர் சொத்தில் நிலமோ வீடோ இருந்து, மொத்த மதிப்பு 2 மில்லியன் வெள்ளியைத் தாண்டாவிட்டால் (அன்றைக்கு இருந்த வரம்பு அது), அது சிறு சொத்து. அதை மாற்ற உயர் நீதிமன்றம் போக வேண்டாம். நில அலுவலகத்தின் பூசாக்கா (மரபுரிமைச் சொத்து) பிரிவில் போராங் ஏ பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்து, விசாரணை நாளில் வாரிசுகள் எல்லாரும் போய் உட்கார்ந்தால் அதிகாரியே பங்கு பிரித்து உத்தரவு போட்டுக் கொடுப்பார். அதற்கு லாயர் கட்டாயம் இல்லை. இதை எழுதினேன். என்னென்ன பத்திரம் எடுத்துப் போக வேண்டும், வாரிசு ஒருவர் சிங்கப்பூரில் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுவரை எழுதினேன்.

அன்று மாலையே ஒரு லாயர் நண்பர் கூப்பிட்டார். கோபமாகத்தான் பேசினார். "உன் சோற்றுப் பானையை நீயே உதைக்கிறாய், எங்க பானையையும் சேர்த்து." நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. எனக்கே பயம் இருந்தது.

நடந்தது வேறு. தானே போய் முடித்துக்கொண்டவர்கள் எனக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை, ஆனால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு வந்த சொந்தக்காரர்களிடமும், கல்யாண வீட்டிலும், குடியிருக்கும் தாமானில் பக்கத்து வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷயம் அவ்வளவு சுலபமாக இருக்காது. தாத்தா பெயரிலேயே நிலம் இருக்கும், அப்பாவும் போயிருப்பார், இரண்டு தலைமுறையை ஒன்றாக முடிக்க வேண்டும், ஒரு சித்தப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்பார். அவர் என்னிடம் வருவார். வரும்போதே ஒன்றை முடிவு செய்துகொண்டு வருகிறார்: லாயர் தேவையில்லாத இடத்தில் தேவையில்லை என்று சொன்ன பெண், தேவை என்று சொன்னால் தேவைதான். இதை நான் எந்த விளம்பரத்தாலும் வாங்கியிருக்க முடியாது. கட்டணத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் குறைந்தார்கள். முதல் சந்திப்பில் பாதி நேரம் என்னை நிரூபிப்பதிலேயே போகும், அது நின்றது.

பிளாஸ்டிக் உறையோடு வந்த அந்த அம்மாவிடமும் நான் சொன்னது, "உங்களுக்கு நான் வேண்டாம்மா, நில அலுவலகத்துக்குப் போங்க" என்பதுதான். பாரத்தை நிரப்பிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. பிறகு அவருடைய மகளும் மருமகனும் வீடு வாங்கியபோது என்னிடம்தான் வந்தார்கள். மகன் சொந்தமாகக் கடை போட்டபோது அந்த ஒப்பந்தமும் என்னிடம் வந்தது.

எழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எல்லாச் சொல்லுக்கும் நல்ல தமிழ் தேடி எழுதினேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. பூசாக்கா என்று எழுதாமல் மரபுரிமைச் சொத்து என்று எழுதினேன். ஒரு பெரியவர் வந்து, "நீங்க எழுதினது நல்லா புரிஞ்சுதுமா, ஆனா அங்க போய் நின்னா எந்த கவுண்டர்னு தெரியல" என்றார். அங்கே பலகையில் தமிழ் இல்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். விளக்கம் தமிழில் இருக்கட்டும், ஆனால் பலகையிலும் பாரத்திலும் எந்தச் சொல் இருக்கிறதோ அது தமிழ் எழுத்தில் கட்டுரையில் இருந்தே ஆக வேண்டும். டாக்டராக இருந்தாலும் கணக்காளராக இருந்தாலும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நாம் எழுதியதை எடுத்துக்கொண்டு ஒருவர் எங்கேயோ ஒரு கவுண்டர் முன்னால் நிற்கப்போகிறார்.

இன்னொன்று, நம் ஊரில் தமிழ்ப் பேப்பர் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள், அதனால் பயனில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவம் அப்படி இல்லை. தேசியப் பள்ளியில் படித்துத் தமிழ் வாசிக்கத் தெரியாத மகனுக்கு அம்மா உரக்கப் படித்துக் காட்டுகிறார். அந்த மகன்தான் காரை ஓட்டி அழைத்து வருகிறான்.

தவறும் நடந்தது. ஊழியர் சேமநிதியில் நாமினி போடுவதைப் பற்றி எழுதியபோது, நாமினியாகப் போடப்பட்டவருக்கே அந்தப் பணம் போய்ச் சேரும் என்று பொதுவாக எழுதிவிட்டேன். சூலியா தெருவில் கடை வைத்திருக்கும் ஒரு பாய் நேராக ஆபிஸுக்கே வந்தார். "உங்க கட்டுரையை நம்ம ஆளுங்களும் படிக்கிறாங்க. எங்களுக்கு இது பொருந்தாதே" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. முஸ்லிம் உறுப்பினருக்கு நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்கு ஃபராயிட் என்ற இஸ்லாமியப் பங்கீட்டு முறைப்படி பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர்தான், பணம் அவருடையது ஆகாது. உயில் சட்டமும் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது, அவர்களுடைய வசியத்துக்கு (இஸ்லாமிய முறை உயில்) வேறு விதிகள். பினாங்கில் இருந்துகொண்டு, தமிழ் முஸ்லிம்கள் இத்தனை பேர் இருக்கும் ஊரில், தமிழில் எழுதும்போது இதை மறந்தது பெரிய பிழை. அடுத்த ஞாயிறு கட்டுரையின் முதல் பத்தியிலேயே, போன வாரம் எழுதியதில் இது தவறு, சரியானது இது என்று எழுதினேன். ஆசிரியர் ஒரு மூலையில் சின்னத் திருத்தமாகப் போட்டால் போதும் என்றார், நான் சம்மதிக்கவில்லை. தவறான தகவலைப் பெரிய எழுத்தில் கொடுத்துவிட்டுத் திருத்தத்தைச் சின்ன எழுத்தில் கொடுப்பது சரியாகப் படவில்லை. அந்த பாய் இன்றுவரை நண்பர். அவருடைய மக்களுக்கான வேலை ஷரியா லாயரிடம் போக வேண்டியது, அதை அந்த லாயரிடமே அனுப்பிவைக்கிறேன்.

அதைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. உண்மைக் கதைகள் இருந்தால்தான் கட்டுரைக்கு உயிர் வரும் என்று நினைத்து, ஒரு விதவைப் பெண்ணிடம் அனுமதி வாங்கிக்கொண்டே அவர் குடும்பத்தில் நடந்ததை எழுதினேன். பெயர் இல்லை, ஊர் மாற்றினேன், லாரி டிரைவர் என்பதை பஸ் டிரைவர் என்று மாற்றினேன். ஆனால் அனுமதி கொடுத்தது அவர் மட்டும். அவருடைய மைத்துனரைக் கோயிலில் நாலு பேர் பார்த்து, பேப்பரில் வந்தது நீதானே என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, அதை நான் எழுதவே இல்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் கொடுத்தார், ஒன்றும் பேசவில்லை. நம்முடையது சின்னச் சமூகம். பெயரை மாற்றினால் போதும் என்பது இங்கே செல்லாது. அதற்குப் பிறகு நடந்த கதையை எழுதுவதை நிறுத்திவிட்டு, கணக்கை எழுதுகிறேன்: ஒரு அப்பா, மூன்று பிள்ளைகள், ஒரு வீடு, இவ்வளவு வெள்ளி. படிக்கிறவர் தன் வீட்டை அதில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

புத்தகத்துக்கு வருகிறேன். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றபோது எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்ததைப்போல இருந்தது, எங்கள் அப்பா அதைப் படித்துத்தான் வளர்ந்தார். நான் எழுதிக்கொண்டிருந்தது வேறு பேப்பரில். ஆனாலும் ஒரு பயம் வந்தது. இத்தனை வாரம் எழுதியது எங்கே இருக்கிறது? கத்தரித்து வைத்தவர்கள் வீட்டுப் பீரோவில்தான். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆபிஸ் மூடியதும், வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பி எழுதினேன். சும்மா தொகுத்தால் புத்தகம் ஆகாது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஞாயிறு கட்டுரையில் ஒரு கேள்விக்குப் பதில் இருந்தால் போதும். புத்தகத்தைக் கையில் எடுக்கிறவர் வீட்டில் சாவு நடந்த மறுநாளில் இருக்கிறார், அவருக்கு முதல் வாரம் என்ன, முதல் மாதம் என்ன என்ற வரிசை வேண்டும். கட்டுரைகளில் பாதியைத் தூக்கிப்போட்டேன்.

அந்த நேரத்தில் ஒரு நிறுவனம் அணுகியது. இரண்டு மணி நேரம் பேட்டி கொடுத்தால் போதும், அவர்களே எழுதி, அட்டைப்படம் போட்டு, வெளியீட்டு விழா நடத்தி என்னை நூலாசிரியர் ஆக்கிவிடுவார்களாம், 18,000 வெள்ளி. எனக்கு அதில் கொஞ்சமும் விருப்பம் வரவில்லை. புத்தகம் படித்துவிட்டு வருகிறவர், "நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இப்படிப் போட்டிருக்கீங்களே" என்று கேட்கிறார். அந்தப் பக்கத்தை எழுதியது நானாக இருந்தால்தான் ஏன் அப்படிப் போட்டேன் என்று சொல்ல முடியும். எழுத்து வரவில்லை என்றால் பேசிப் பதிவு செய்து பிறரை விட்டுத் தட்டச்சு செய்யச் சொல்லலாம், மொழி பார்க்க ஒரு தமிழாசிரியரைக் கேட்கலாம், நானும் கேட்டேன். ஆனால் விஷயம் நம் தலையிலிருந்து வர வேண்டும்.

நானே போட்டேன். 112 பக்கம், 500 பிரதி, அச்சுக்கு மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி. ஐ.எஸ்.பி.என் எண் கோலாலம்பூரில் இருக்கும் தேசிய நூலகத்திடம் விண்ணப்பித்து வாங்க வேண்டும். அச்சாகி வந்ததும் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பிரதி அவர்களுக்கு அனுப்ப வேண்டும், இதைப் பலர் செய்வதில்லை. தயவுசெய்து செய்யுங்கள். நாம் போன பிறகும் அந்த ஐந்து பிரதி ஜாலான் துன் ரசாக்கில் அந்த நூலகத்தில் இருக்கும்.

முதலில் ஒரு மண்டப நிகழ்ச்சியில் நாற்காலிக்கு ஒன்றாக 100 பிரதி இலவசமாக வைத்தோம். நிகழ்ச்சி முடிந்து பார்த்தால் பாதிக்கு மேல் நாற்காலியிலேயே கிடந்தது. மிச்சத்துக்கு 15 வெள்ளி விலை வைத்தேன், காசு கொடுத்து வாங்கியவர்கள் படித்தார்கள். இதே கதை மிஷெலினுக்கும் உண்டு. பினாங்குக்காரர்களுக்கு மிஷெலின் என்றால் இப்போது சாப்பாட்டுக் கடை வாசலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், 2023 பதிப்பிலிருந்து கோலாலம்பூரும் பினாங்கும் அந்தக் கையேட்டில் இருக்கின்றன. அவர்கள் டயர் கம்பெனிக்காரர்கள். 1900-இல் பிரான்ஸ் முழுக்க மூவாயிரம் கார்கூட இல்லாத காலத்தில், ஏறக்குறைய 35,000 பிரதி அச்சடித்து ஓட்டுநர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். பெட்ரோல் எங்கே கிடைக்கும், மெக்கானிக் எங்கே இருக்கிறார், டயரை நாமே எப்படி மாற்றுவது, எல்லாம் அதில் இருந்தது. டயர் விற்கிறவர் டயரை நீயே மாற்றிக்கொள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார், அதைப் படித்தபோது எனக்கு என் நில அலுவலகக் கட்டுரை ஞாபகம் வந்தது. பிறகு ஒருநாள் ஒரு கடையில் தங்கள் கையேட்டை வேலை மேஜைக்கு முட்டுக்கொடுத்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான், 1920-இலிருந்து விலை வைத்தார்கள் என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

புத்தகம் விற்ற காசில் லாபம் இல்லை, அச்சுச் செலவு வந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு வந்த இரண்டு குடும்பங்களின் வேலையே ஒரு வருஷ வாடகையைக் கொடுத்தது. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலர் புத்தகத்தின் விற்பனையைப் பார்த்து மனம் சோர்ந்துவிடுகிறார்கள்.

2024 ஜூலையில் சட்டம் மாறியது. சிறு சொத்தின் வரம்பு 2 மில்லியனிலிருந்து 5 மில்லியன் வெள்ளி ஆனது. மக்களுக்கு நல்ல மாற்றம், ஆனால் என் புத்தகத்தின் 41-ஆம் பக்கம் தவறாகிவிட்டது. கையில் இருந்த 130 பிரதிகளுக்கும் கிராணி அக்காவும் நானும் உட்கார்ந்து திருத்தச் சீட்டு ஒட்டினோம். விற்றுப்போனவற்றுக்கு என்ன செய்வது? பேப்பரில் எழுதினேன், புத்தகம் விற்ற கடைகளில் சீட்டுக் கட்டு ஒன்று வைத்தேன், வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்ததோ.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பாகானிலிருந்து ஃபெரி ஏறி ஒரு பெரியவர் வந்தார். கையில் புத்தகம், மஞ்சள் துணிப்பையில். எனக்குப் பழக்கமானவர் இல்லை, எங்களிடம் வேலை கொடுத்தவரும் இல்லை. "பக்கம் மாத்தணும்னு போட்டிருந்தீங்களே" என்றார். அலமாரியிலிருந்து சீட்டை எடுத்து, பசை தடவி, 41-ஆம் பக்கத்தில் வைத்து அழுத்திக் கொடுத்தேன். காயும் வரைக்கும் புத்தகத்தை மூடாமல் கையில் விரித்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கிராணி அக்கா கோப்பி வாங்கிவரப் போனார்.